ஜன்னலுக்கு எழுதிய விடுப்புக் கடிதம்

அம்மா,

இன்று காலையில் அரியக்குடி டீச்சரக்கா ஜாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். அரக்கு நிறக் கண்டாங்கிச் சேலைக்கு எடுத்த துணி. கை மடிப்பையும் கழுத்துப் பட்டியையும் நான் காப்பிப்பொடி நிற நூலில் அடித்து வைத்திருக்கிறேன். வாசற்படியில் நின்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அங்கே எனக்கே நூல் மாறியிருப்பது தெரிந்தது.

"டியூப் லைட்டுல பாத்து அடிச்சியாத்தா? உங்கம்மா கையில இப்புடி வந்ததே இல்லையே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் போனதும் உன் நூல் டப்பாவைத் திறந்தேன். மெஷின் எண்ணெயும் நீ தலைக்கு வைக்கும் எண்ணெயும் கலந்த வாடை இன்னும் அதில் இருக்கிறது. அரக்கு நூல்கண்டும் காப்பிப்பொடி நூல்கண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், ஜன்னலுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். "இங்குட்டு கொண்டா, ஜன்னலுக்கு" என்று நீ சொல்வாயே, அந்த ஜன்னல்தான்.

ஜன்னல் இருக்கிறது. அதை யாரும் எடுக்கவில்லை. திறந்தால் நாலு விரல் தள்ளிச் செங்கல். அந்த இடுக்குக்குள் கொத்தனாரின் கை போகாததால் பூசவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்டு பிதுங்கி நம் பக்கமாகத் தொங்கியபடியே காய்ந்திருக்கிறது. இரண்டு கண்டையும் அந்தச் செங்கலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம்.

நம் வீடு ரயில்பெட்டி மாதிரி என்பாய். வாசல் தெருவில் இருக்கும், மெஷின் உள்ளறையில் இருக்கும். அந்த அறைக்கு வடக்குச் சுவரில் இருந்த ஜன்னல் ஒன்றுதான் வெளிச்சம். வடக்கு ஜன்னல் என்பதால் வெயில் நேராக விழாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மாதிரி வெளிச்சம் நிற்கும். நூலின் நிறம் மாறித் தெரியாது. அதை நீ கல்யாணமாகி வந்த புதிதில் அப்பா வைத்தார். நான் பிறக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது. அந்தச் சுவர் நமக்கும் வடவீட்டுக்கும் பொது. சுவருக்கு அங்குட்டு வடவீட்டு மாமாவின் காலி மனை. அப்பா யாரிடமும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்து இடித்து, பழைய மரச்சாமான் கடையில் வாங்கிய ஜன்னலைப் பொருத்திவிட்டார். சாயங்காலம் மாமா மனைக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாராம். "காத்து நல்லா வருதாத்தா?" என்று உன்னிடம் கேட்டாராம். நீ "வருது மாமா" என்றாயாம். அவ்வளவுதான். இதை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். அப்பாவின் துணிச்சலைச் சொல்ல உனக்கு வேறு கதை இருந்ததில்லை.

அப்பா போன பிறகு அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் நீ என்னை வளர்த்தாய். பத்தாவது முடித்ததும் நானும் அங்கேயே வந்து உட்கார்ந்தேன். உனக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது, கொக்கி கட்ட, பொத்தானுக்குக் காஜா எடுக்க ஆள் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்குத் துக்கம் இருந்ததாக நீ நினைத்துக்கொண்டிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல இனி ஆளில்லை என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு மாமா மனையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார். பழங்காலத்துப் பெரிய வீடுகளைப் பார்க்கக் கொத்தமங்கலத்துக்கும் இங்கேயும் காரில் வருகிறவர்கள் தங்குவதற்கு மாடி வைத்த விடுதி கட்டப்போகிறார் என்றார்கள். கயிறு கட்டியிருந்த இடத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது. அன்று முழுவதும் நீ மெஷினை மிதிக்கவில்லை.

நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். நீ மாமா எதிரே நின்று பேசியதில்லை. நானோ அவர் தெருவில் வந்தால் எதிர்வீட்டுப் படியில் ஏறி நின்றுகொள்கிற ஆள். அதனால் கடிதம் என்று முடிவு செய்தோம். நீ சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"மாமா, ஜன்னல மறைக்காம ஒரு மூணு அடி தள்ளிக் கட்டுங்க. அம்புட்டுத்தான் எழுது."

"அப்புடி மொட்டையாவாம்மா எழுதுறது?"

"நீதான படிச்சவ. மரியாதையா எழுது."

பள்ளிக்கூடத்தில் நான் எழுதப் படித்த கடிதம் ஒன்றே ஒன்று. விடுப்புக் கடிதம். காய்ச்சலுக்கும் அதுதான், கோயில் திருவிழாவுக்கும் அதுதான், அப்பா செத்ததற்கும் அதுதான் எழுதினேன். அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த அச்சில் ஊற்றித்தான் மாமாவுக்கும் எழுதினேன். பழைய நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்து, ஓரம் விட்டு, முத்து முத்தாக எழுதினேன். "உயர்திரு மாமா அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் பெருமனதுடன் அனுமதித்ததன் பேரில் எங்கள் வீட்டில் வைத்துள்ள ஜன்னலை மறைக்காமல் மூன்று அடி தள்ளிக் கட்டுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள." அந்த இடத்தில் 'மாணவி' என்று எழுதப் போய், நிறுத்தி, உன் பெயரை எழுதினேன்.

வாசித்துக் காட்டச் சொன்னாய். வாயில் நூலைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். பாதியில் நிறுத்தினாய்.

"அவுக எங்கடி அனுமதிச்சாக? ஒங்கப்பா பாட்டுக்குல்ல இடிச்சாரு."

"மரியாதைக்குத்தாம்மா."

நீ வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டு, "சரி, இருக்கட்டும். வார்த்தைதான" என்றாய். பிறகு கையெழுத்துப் போட்டாய். "ஆபீசுல குடுக்குறது மாதிரி எழுதியிருக்கா" என்று பக்கத்தில் யாரும் இல்லாத அறையில் பெருமையாகச் சொன்னாய்.

அம்மா, நீ அந்த இடத்தில் நிறுத்தினாய். உனக்குத் தெரிந்திருந்தது. அடித்துவிட்டு வேறு எழுதுடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் எழுத்தின் அழகுக்காக விட்டுவிட்டாய்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வடவீட்டு அயித்தை அளவு ஜாக்கெட் கொடுக்க வந்தபோது சொன்னார். "ஒம்மவ லெட்டரு நல்லா எழுதியிருக்காளே. மாமா பத்திரமா பீரோவுல வச்சிருக்காக." நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். பீரோவில் வைக்கும் அளவுக்கு நன்றாக எழுதியிருக்கிறேன் என்று நான் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

செங்கல் ஜன்னலின் அடிக்கட்டைக்கு ஏறியதும்தான் நீ வக்கீலம்மாவிடம் போனாய். நோட்டீஸ் போனது, வழக்குப் போட்டார்கள். கட்டாமல் நிறுத்தச் சொல்லி உடனே ஒரு தடை வாங்கிவிடலாம் என்று அவர் தைரியமாகத்தான் இருந்தார். நம் பத்திரத்தை வாசித்துவிட்டு அவர் சொன்னதைக் கேட்டபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா.

"பொதுச்சுவருல ஜன்னல் வைக்காதேன்னு அவங்க அன்னைக்கே தடுத்திருக்கலாம். தடுக்கல. இருபது வருசத்துக்கு மேல எல்லாருக்கும் தெரியிற மாதிரி, யாரையும் கேக்காம, யாரும் மறிக்காம நீங்க அனுபவிச்சிருக்கீங்க. அதுக்குப் பேரு காத்து வெளிச்ச பாத்தியம். இத்தனை வருசம் அவங்க பேசாம இருந்தாங்க பாருங்க, அந்தப் பேசாம இருந்ததுதாம்மா உங்களுக்குப் பாத்தியம் ஆயிருச்சு."

நாம் வீட்டுக்கு வந்து அன்று பணியாரம் சுட்டோம்.

எதிர்த்தரப்புப் பதிலோடு என் கடிதத்தின் ஜெராக்ஸ் வந்தது. வக்கீலம்மா அதை மேசைமேல் வைத்து, ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார்.

"கேக்காம அனுபவிச்சா பாத்தியம். கேட்டு வாங்கி அனுபவிச்சா, நூறு வருசம் ஆனாலும் இரவல். இரவல் குடுத்தவங்க எப்ப வேணாலும் திருப்பிக் கேப்பாங்க. அனுமதிச்சாங்கன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே, யாரும்மா இதை எழுதச் சொன்னது?"

"நான் சொல்லச் சொல்லத்தாம்மா எழுதுச்சு புள்ள" என்றாய் நீ.

நான் உன் பின்னால் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். 'மாமா அனுமதிக்கவே இல்லை, அது என் வார்த்தை, பள்ளிக்கூடத்து வார்த்தை' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் உன் முந்தானையில் பிரிந்திருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வக்கீலம்மா பெருமூச்சு விட்டு, "மரியாதையா எழுதுறோம்னு வீட்டத் தவிர எல்லாத்தையும் குடுத்திட்டீங்க" என்றார். நீ அதற்கும் மரியாதையாகத் தலையாட்டினாய்.

பிறகு இடத்தைப் பார்வையிடக் கோர்ட்டிலிருந்து கமிஷனர் என்று ஒரு வக்கீலை அனுப்பினார்கள். அறை எவ்வளவு இருட்டாகிவிட்டது என்று அவர் பார்த்து எழுத வேண்டும். அதற்குத்தான் வந்தார். நீ காலையிலேயே வீட்டைக் கழுவினாய். அவர் உள்ளே காலெடுத்து வைக்கும்போது, வந்தவரை இருட்டில் உட்கார வைக்கக் கூடாது என்று இரண்டு டியூப் லைட்டையும் போட்டாய். டீ கொடுத்தாய். "பக்கத்து வீட்டுக்காரர்கூட தகராறு எதுவும் உண்டா?" என்று அவர் கேட்டதற்கு, "ஐயய்யோ, அவுக நல்லவுகய்யா" என்றாய். கதவுக்குப் பின்னால் நின்ற நான் லைட்டை அணைத்திருக்கலாம், சுவிட்சு என் தோளுக்கு நேரேதான் இருந்தது. அவர் அறிக்கையில், அறையில் வேலை செய்வதற்குப் போதிய வெளிச்சம் உள்ளது என்று எழுதினார். மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்று அதற்குக் கீழே ஒரு வரி. அதை யார் வாசிக்கப் போகிறார்கள்.

தடை கிடைக்கவில்லை. மூன்று வாரத்தில் சுவர் ஜன்னலைத் தாண்டி ஏறியது. கடைசிக் கல் வைத்த அன்று நீ மெஷினில்தான் இருந்தாய். அறை கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. நீ எழுந்து போய் லைட்டைப் போட்டுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தைத்தாய். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் பேச்செடுக்கவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு போயிருக்கும். நீ மரியாதையாக இருந்துவிட்டாய். என்னிடமும்.

வழக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது. உன் சாட்சி வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. ஒன்பது நாளில் முடிந்துவிட்டது. வெளிச்சம் இல்லாததால் நீ செத்தாய் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன், அது உண்மையில்லை. ஆனால் கடைசி மாதங்களில் நீ ஊசியில் நூல் கோக்க என்னிடம் நீட்டினாயே, அது உண்மை.

உன்னைக் கிடத்தியிருந்தபோது மாமா வந்தார். மாலை போட்டார். தலைமாட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"தங்கமான பொம்பள. இத்தன வருசமா பக்கத்து வீடு. ஒரு வார்த்த அதிந்து பேசுனதில்ல."

இருந்தவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்றார்கள். அயித்தை தூக்குவாளியில் காப்பி அனுப்பினார். நானும் ஒரு டம்ளர் குடித்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்.

இப்போது ஒக்கூர்ச் சித்தி வந்து என்னோடு இருக்கிறார். மாடியில் ஆட்கள் தங்கத் தொடங்கிவிட்டார்கள். சுவருக்கு அங்குட்டு மேலே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வாங்கி மாமா மாடியில் வைத்திருக்கிறார். சாயங்காலம் பச்சையும் சிவப்புமாக எரிகிறது. எல்லாம் தெருவைப் பார்த்தவை. தெருவிடம் அவர் அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

போன மாதம் எனக்குப் பதினெட்டு முடிந்தது. வழக்கில் உன் இடத்தில் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். உடனே மாமா ஒரு தாளோடு வந்தார். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். சித்தியிடம்தான் பேசினார்.

"ஓட்டப் பிரிச்சு ரெண்டு கண்ணாடி ஓடு நானே போட்டுத் தாரேன். வெளிச்சம் மேலருந்து வந்துட்டுப் போகுது. புள்ள இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறமே" என்றார் சித்தி.

"கேளுங்க, வேணாங்கல. ஆனா கோர்ட்டுல ஏறி அது என்னத்தா பேசப்போகுது? எதுக்க வந்தாலே ஓரமா ஒதுங்குற புள்ள."

கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்த விஷயம், சொன்னார். அவர் போனதும் தாளை வாசித்தேன். ஜன்னல் தம்முடைய தயவில் விடப்பட்டது என்றும், அதில் எனக்கோ என் பின்வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியமும் இல்லை என்றும், இதை முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன் என்றும் இருந்தது. கீழே ஓரிடத்தில் என் கடிதத்தில் இருந்த அதே 'பெருமனதுடன்'. என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

"கண்ணாடி ஓட்ட வாங்கிக்கிட்டுப் போவியா, வாழப்போற புள்ளைக்கு வம்பு எதுக்கு?" என்கிறார் சித்தி. வக்கீலம்மா என்னை நிறுத்தி வைத்து எல்லாம் சொல்லிவிட்டார். எழுதிய ஆளே கூண்டில் ஏறி, அனுமதி என்று ஒன்று இருந்ததே இல்லை, அது மரியாதைக்குப் போட்ட வார்த்தை என்று சொன்னால் கோர்ட்டு கேட்கும். நம்புமா என்பது வேறு. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் குடைவார். ஜெயித்தாலும் எழும்பி நிற்கிற மாடியை இடிக்கச் சொல்வது அபூர்வம், ஈடு கொடு என்று வேண்டுமானால் சொல்வார்கள். "ஜன்னல் திரும்பி வரும்னு நெனச்சு ஏறாதம்மா" என்றார்.

அப்படி நினைக்கவில்லை. செங்கல் அங்கேயேதான் இருக்கும். நான் தப்பான நூலில் தைத்துக்கொண்டும், பிரித்துக்கொண்டும்தான் இருப்பேன். ஆனால் நம் வீட்டு ஜன்னலை அப்பா இடித்து வைத்தார், யாரும் கொடுக்கவில்லை. அதை இரவலாக்கியது என் கை. கண்ணாடி ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் அந்த வெளிச்சத்தில் எனக்கு அதுதான் தெரியும்.

புதன்கிழமை வாய்தா, கூண்டில் என் முறை. நான்கு நாளாக, சித்தி கடைக்குப் போகிற நேரம் பார்த்து, ஜன்னலைத் திறந்துவைத்துச் செங்கலைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறேன். "நாங்க கேக்கல. அவுக குடுக்கல." முதல் நாள் எனக்கே கேட்கவில்லை. நேற்றுச் சொன்னபோது இடுக்கில் பட்டுத் திரும்பி வந்தது. நீ பேசியது மாதிரி இருந்தது. நீ இருந்தபோது எங்கே பேசினாய், அம்மா.

டீச்சரக்கா ஜாக்கெட்டை வாசற்படியில் உட்கார்ந்து பிரித்துவிட்டேன். வந்து போகிறவர்களுக்காக ஒரு அட்டை எழுதி வாசலில் மாட்டியிருக்கிறேன். "புதன்கிழமை தையல் கிடையாது." சித்தி நின்று வாசித்தார்.

"என்னடி மொட்டையா இருக்கு. தயவுசெஞ்சு பொறுத்துக்கங்கன்னு ஒரு வார்த்த சேத்து எழுதேன்."

பேனா கையில்தான் இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.